தொடர் பேச்சைக் கணினி கேட்கத் தொடங்கிய காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைப்பேசியிடம் பேசினால் அது எழுத்தாக மாறுவதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, இதற்கு அடித்தளமிட்ட முதல் கணினி அமைப்புகள் எப்படி இயங்கின என்பதில் பல ஐயங்கள் எழுகின்றன. 1971 முதல் 1976 வரை அமெரிக்காவில் நடந்த ஐந்தாண்டுத் திட்டத்தை நடுவில் வைத்து, அதற்குச் சற்று முன்னும் பின்னும் நடந்தவற்றைச் சேர்த்து, அந்த ஐயங்களுக்கு இங்கே விடை சொல்லியிருக்கிறேன். கணிதம் படிக்காதவரும் பின்தொடர முடிய வேண்டும் என்பதே நோக்கம்.

தொடர் பேச்சு என்று எதைச் சொல்கிறார்கள்?

நாம் அன்றாடம் பேசும் பேச்சைத்தான். அதற்கு இப்படித் தனிப் பெயர் வைக்க வேண்டியிருந்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய இயந்திரங்கள் அதைக் கேட்கவில்லை என்பதுதான். பெல் ஆய்வுக்கூடம் 1952இல் செய்த ‘ஆட்ரி’ என்னும் கருவி சுழியம் முதல் ஒன்பது வரையிலான எண்களை மட்டும் அறிந்தது. அதுவும் ஒருவருடைய குரலுக்கு ஏற்பச் சரிசெய்து வைத்த பிறகு, அவர் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் நிறுத்திப் பேசினால்தான். ஐபிஎம் நிறுவனம் 1962இல் சியாட்டில் உலகக் கண்காட்சியில் காட்டிய ‘ஷூபாக்ஸ்’ பத்து எண்களையும், கூட்டு, கழி போன்ற ஆறு கட்டளைகளையும் சேர்த்துப் பதினாறு சொற்களை அறிந்தது. இவை யாவும் தனிச்சொல் கருவிகள். ஒரு முழு வாக்கியத்தை இயல்பாக, நிறுத்தாமல் சொன்னால் அதைப் பிரித்தறியும் அமைப்பே தொடர் பேச்சு அமைப்பு.

சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதே, அங்கே வெட்டினால் போதாதா?

எழுத்தில்தான் அந்த இடைவெளி இருக்கிறது, பேச்சில் இல்லை. ‘பத்துப் பாட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். ‘த்து’வில் நாக்கு பல்லில் ஒட்டி நிற்கும் நொடிக்கூறில் காற்று வெளியே வருவதில்லை, ஒலி அலையை வரைந்து பார்த்தால் அங்கே முழு அமைதிதான் தெரியும். ‘ட்டு’விலும் அப்படியே. ஆனால் அந்த அமைதிகள் சொல்லுக்கு உள்ளே இருக்கின்றன. மாறாக, ‘அவன் எங்கே’ என்னும்போது இரண்டு சொற்களுக்கும் நடுவே அமைதி சிறிதும் இல்லை. ‘அவனெங்கே’ என்று ஒரே ஓட்டமாக வருகிறது. அமைதி கண்ட இடத்தில் வெட்டும் கருவி சொற்களை உடைக்கும். வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாது.

இன்னொரு சிக்கலை நம் இலக்கணத்தில் பொதுமொழி என்று படித்திருக்கிறோம். ‘பலகை’ என்பது ஒரு மரப்பொருள். ‘பல கை’ என்று பிரித்தால் வேறு பொருள். ‘தாமரை’ ஒரு பூ. ‘தா மரை’ தாவுகின்ற மான். கேட்பவருக்கு எது என்று தெளிவது ஒலியால் அன்று, முன்னும் பின்னும் வரும் சொற்களால்தான். மேலும், இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் ஒலிகள் தோன்றும், திரியும், கெடும் என்ற புணர்ச்சி விதி தமிழுக்கு மட்டும் உரியதன்று. எழுத்தில் காட்டாவிட்டாலும் எல்லா மொழிகளின் பேச்சிலும் அது நடக்கிறது. ஆங்கிலத்தில் ‘கிவ் மீ’ என்பது வேகமாகப் பேசும்போது ‘கிம்மீ’ ஆகிவிடுகிறது. அகராதியில் இருக்கும் ஒலிப்பை மட்டும் நம்பித் தேடும் கணினிக்கு அப்படி ஒரு சொல்லே கிடைக்காது.

ஒரு சொல்லைச் சரியாக அறியும் கருவி இருந்தால், அதையே அடுத்தடுத்துப் பயன்படுத்தலாமே?

இங்கேதான் கணக்கு நம்மை மடக்குகிறது. ஆயிரம் சொற்கள் கொண்ட ஒரு மொழியில் ஐந்து சொல் வாக்கியம் ஒன்றைக் கேட்கிறோம் என்று வையுங்கள். எந்தச் சொல்லுக்குப் பின்னும் எந்தச் சொல்லும் வரலாம் என்றால், வரக்கூடிய வாக்கியங்களின் எண்ணிக்கை ஒன்றுக்குப் பின் 15 சுழியங்கள். சொல் எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாத நிலையில் இத்தனையையும் ஒப்பிட எந்தக் கணினியாலும் முடியாது. முதல் சொல்லை முடிவு செய்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்றாலோ, முதல் சொல் பிழைத்தால் அதன் முடிவிடமும் பிழைக்கும். அதன் பின் வரும் எல்லாமே இடறும். ஒவ்வொரு சொல்லையும் 95 விழுக்காடு சரியாக அறியும் கருவிகூட, ஐந்து சொல் வாக்கியத்தை முழுமையாகச் சரியாகச் சொல்வது 77 விழுக்காட்டு முறைதான்.

இப்போது அந்த மொழிக்கு ஓர் இறுக்கமான இலக்கணம் போட்டு, எந்த இடத்திலும் அடுத்து வரக்கூடிய சொற்கள் சராசரியாக 33 மட்டுமே என்று வைத்துக்கொண்டால், அதே ஐந்து சொல் வாக்கியங்கள் ஏறத்தாழ 3.9 கோடியாகக் குறைந்துவிடும். சொற்களின் தொகை அதே ஆயிரம்தான். ஆனால் வேலை ஏறத்தாழ இரண்டரைக் கோடி மடங்கு சுருங்கிவிட்டது. இந்த எண்ணுக்குக் கிளை எண் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்து அமைப்பு எதைப் பற்றிப் படித்தாலும் ‘எத்தனை சொற்கள்’ என்பதோடு நிறுத்தாமல் ‘கிளை எண் என்ன’ என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதைக் கேட்காததால்தான் பல வெற்றிகள் மிகையாகவும், சில தோல்விகள் அநியாயமாகவும் பதிவாகியிருக்கின்றன.

தொடர் பேச்சில் முதலில் இறங்கியவர் யார்?

ஒருவரை மட்டும் சொல்வது கடினம். சோவியத் ஒன்றியத்தில், கீவ் நகரில், வின்ட்சியூக் என்ற ஆய்வாளர் 1968இலேயே இரண்டு ஒலிப்பதிவுகளின் வேக வேறுபாட்டை ஈடுகட்டி ஒப்பிடும் கணிதமுறையை வெளியிட்டார். ஜப்பானில் என்இசி நிறுவனத்தின் சகோயேயும் சிபாவும் அதே வழியில் வளர்த்த முறை உலகெங்கும் பரவியது. ஆயினும் வாக்கியமாகப் பேசுவதைக் கணினியில் அறிவதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர்களில் ராஜ் ரெட்டிக்கு முதன்மையான இடம் உண்டு.

அவர் 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தில், இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள காட்டூர் என்ற சிற்றூரில் பிறந்தார். 1958இல் சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர், ஆஸ்திரேலியாவில் மேற்படிப்பு முடித்து, அங்கே ஐபிஎம்மில் பணியாற்றிய பின் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்று, ஜான் மெக்கார்த்தியின் வழிகாட்டலில் 1966இல் முனைவர் பட்டம் பெற்றார். 1969இல் பிட்ஸ்பர்கில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். கீழே வரும் ஹியர்சே, டிராகன், ஹார்ப்பி, ஸ்ஃபிங்ஸ் என்ற நான்கு அமைப்புகளும் அங்கே பிறந்தவையே. 1994இல் அவருக்கும் செயற்கை நுண்ணறிவு அறிஞர் எட்வர்ட் ஃபெய்கன்பாமுக்கும், கணினி அறிவியலின் மிக உயரிய விருதான டூரிங் விருது வழங்கப்பட்டது. கிண்டியில் படித்த ஒருவர் இந்தத் துறையின் வேரில் நிற்கிறார் என்பதை நம் மாணவர்களுக்கு இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

இந்த ஆய்வே வீண் என்று ஒரு பெரிய அறிஞர் எழுதினாராமே?

ஆம். பெல் ஆய்வுக்கூடத்தின் ஜான் பியர்ஸ் 1969இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். மொழியையும் பேசப்படும் பொருளையும் அறியாத இயந்திரம் பேச்சை அறியவே முடியாது; நிதி கிடைக்கிறது என்பதற்காகவும், கவர்ச்சியாக இருக்கிறது என்பதற்காகவும் பலர் இதில் இறங்குகிறார்கள்; கடல் நீரிலிருந்து தங்கம் எடுக்கிறேன் என்று சொல்லிப் பணம் திரட்டுவதைப் போன்றது இது என்ற பொருளில் கடுமையாகவே எழுதினார். பெல் ஆய்வுக்கூடத்தில் இத்துறை ஆய்வு சில ஆண்டுகள் முடங்கிப்போனது.

அவருடைய சொற்கள் மனத்தைப் புண்படுத்துபவைதாம். ஆனால் அவர் சுட்டிய குறையின் முதற்பகுதி உண்மை. ஒலியை மட்டும் பார்த்துச் சொல்லைக் கண்டுபிடிக்க முடியாது என்பதை அடுத்த ஐந்தாண்டு உழைப்பும் உறுதிசெய்தது. வேறுபாடு என்னவென்றால், அவர் அதைக் கதவடைப்பதற்கான காரணமாகக் கண்டார்; ரெட்டியும் அவருடைய தோழர்களும் அப்படியானால் மொழியறிவையும் கணினிக்குள் வைப்போம் என்று கிளம்பினார்கள்.

1971 திட்டத்தின் இலக்கு என்ன?

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான ஆர்ப்பா, ஆலன் நியூவெல் தலைமையில் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. ஐந்தாண்டுகளில் எதைச் செய்து காட்ட வேண்டும் என்று அக்குழு எண்களோடு எழுதி வைத்தது. இத்துறையில் அவ்வளவு தெளிவாக இலக்கு வைத்தது அதுவே முதல்முறை என்று சொல்லலாம். தொடர் பேச்சாக இருக்க வேண்டும். அமெரிக்கப் பொதுவழக்கு ஆங்கிலம் பேசும் பலர், ஒத்துழைப்போடு, அமைதியான அறையில், நல்ல மைக்ரோஃபோனில் பேசுவார்கள். ஒவ்வொருவருக்கும் சிறிது சரிசெய்துகொள்ளலாம். ஆயிரம் சொற்கள், செயற்கையாக வரையறுத்த இலக்கணம், ஒரு குறுகிய வேலை. பொருட்பிழை பத்து விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். நொடிக்குப் பத்துக் கோடி கட்டளைகளைச் செய்யும் கணினியில், பேச எடுத்த நேரத்தைப்போல் சில மடங்கு நேரத்துக்குள் விடை வர வேண்டும். இறுதியாகச் சொன்ன வேகத்தில் ஓடும் கணினி அன்று அவர்கள் கையில் இல்லை. வரப்போகும் கணினிகளை நம்பி வைத்த அளவு அது.

இதில் ‘பொருட்பிழை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு சிறு இணைப்புச் சொல் தவறாகக் கேட்கப்பட்டாலும், கணினி கொடுத்த விடை கேட்டவருக்கு வேண்டியதாக இருந்தால் அது சரியென்றே கொள்ளப்பட்டது. திட்டத்தின் பெயரே பேச்சைப் புரிந்துகொள்ளும் ஆய்வு என்பதுதான். மொத்தச் செலவு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர்.

ஹியர்சே என்ன செய்தது?

முதல் ஹியர்சே சதுரங்கம் கேட்டது. ஆடுபவர் ‘ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை நான்காம் கட்டத்துக்கு நகர்த்து’ என்ற பொருளில் தொடராகச் சொல்வார். பலகையின் அப்போதைய நிலையில் எந்தெந்த நகர்வுகள் விதிப்படி செல்லும் என்பதைக் கணினியில் இருந்த சதுரங்க நிரல் பட்டியலிடும். ஐயத்துக்கு இடமான ஒலி, நடக்கவே முடியாத நகர்வைச் சொல்வதாகத் தோன்றினால் அது கழிக்கப்படும். தலைப்பு அறிவைக் கொண்டு காதின் குறையை ஈடுகட்டும் முறைக்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. நாமும் இரைச்சல் மிகுந்த பேருந்தில் நடத்துநர் சொல்வதை இப்படித்தான் கேட்கிறோம்; அவர் சொல்லக்கூடியவை எவை என்று முன்பே தெரிந்திருப்பதால் பாதி ஒலியே போதுமானதாகிவிடுகிறது.

இரண்டாம் ஹியர்சே, செயற்கை நுண்ணறிவு பற்றிய கட்டுரைச் சுருக்கங்களைத் தேடித் தரும் வேலையை எடுத்துக்கொண்டது. ‘ஃபெய்கன்பாமும் ஃபெல்ட்மனும் எழுதியவை ஏதேனும் உண்டா’ என்பது அதனிடம் கேட்கப்பட்ட ஆங்கிலக் கேள்விகளில் ஒன்று. அந்த ஃபெய்கன்பாம், பின்னாளில் ரெட்டியுடன் விருதைப் பகிர்ந்துகொண்ட அதே அறிஞர்.

அதன் அமைப்பைக் கரும்பலகை என்றே அழைத்தார்கள். ஒரு பெரிய கரும்பலகையைச் சுற்றிப் பல துறை வல்லுநர்கள் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒலித்துண்டுகள் தெரியும், ஒருவருக்கு அசைகள், ஒருவருக்குச் சொற்கள், ஒருவருக்குத் தொடரிலக்கணம். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஒவ்வொருவரும் பலகையில் இருப்பதைப் பார்த்து, தமக்குத் தோன்றுவதை, அதில் தமக்குள்ள நம்பிக்கையின் அளவோடு எழுதுகிறார்கள். அதைப் பார்த்து இன்னொருவர் மேலே எழுதுகிறார். வாக்கியத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நடுவில் ஒரு சொல் தெளிவாகக் கேட்டால் அதைத் தீவுபோல் பிடித்துக்கொண்டு இரு பக்கமும் நீட்டலாம். கருத்தாக இது மிகச் சிறந்தது. பேச்சுக்கு வெளியேயும், கடலடி ஒலிகளை ஆராயும் அமைப்பு உட்படப் பல இடங்களில் கையாளப்பட்டது. ஆனால் அடுத்து யார் எழுத வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுப்பதே பெருஞ்செலவாகிவிட்டது.

ஹார்ப்பி ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

திட்டத்தின் இலக்கை முழுமையாக எட்டியது அது ஒன்றுதான். அதோடு, அதன் தேடல் முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஹார்ப்பியை வடிவமைத்தவர் ரெட்டியின் மாணவர் புரூஸ் லோவர். அவர் தமக்கு முன்னிருந்த இரண்டு அமைப்புகளை அருகருகே வைத்துச் சோதித்தார். ஒன்று முதல் ஹியர்சே. மற்றொன்று ஜேம்ஸ் பேக்கர் அதே பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய டிராகன். ஹியர்சே சிறந்த பாதைகளை மட்டும் தேடியது, வேகமாக இருந்தது, ஆனால் வழிதவறியது. டிராகன் மொழியறிவு முழுவதையும் ஒரே வலைப்பின்னலாக்கி, அதன் எல்லாப் பாதைகளையும் ஒன்றுவிடாமல் கணக்கிட்டது. வழிதவறவில்லை, ஆனால் மிக மெதுவாக ஓடியது. இரண்டின் நற்பண்புகளையும் சேர்த்தால் என்ன என்பதே லோவரின் கேள்வி.

வலைப்பின்னலிலிருந்து தொடங்குவோம். கேட்கக்கூடிய எல்லா வாக்கியங்களையும் இலக்கணமாக எழுதினார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மக்கள் ஒலிக்கும் மாற்று வடிவங்களைச் சேர்த்தார்கள். ஒரு சொல் ‘ம்’ என முடிந்து அடுத்தது ‘ம்’ எனத் தொடங்கினால் ஒன்றே ஒலிக்கலாம் என்பதுபோன்ற, நாம் புணர்ச்சி என்று சொல்லும் விதிகளையும் எழுதினார்கள். பின்னர் இவை எல்லாவற்றையும் ஒரு நிரல் பல மணி நேரம் ஓடி ஒரே வலைப்பின்னலாகப் பின்னியது. 1,011 சொற்களுக்கான அந்த வலையில் ஏறத்தாழ 15,000 முடிச்சுகள் இருந்தன. பேச்சைக் கேட்கும் நேரத்தில் இலக்கணம் தனி, அகராதி தனி என்று எதுவும் இல்லை. முடிச்சிலிருந்து முடிச்சுக்குப் போகும் பாதைகள் மட்டுமே உண்டு.

வரும் ஒலியை, தன்மை மாறாமல் நிற்கும் சிறு துண்டுகளாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டையும் 98 மாதிரி ஒலிகளோடு ஒப்பிட்டு, எதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று மதிப்பெண் கொடுத்தார்கள். புதியவர் ஒருவர் பேச வந்தால் இருபது, முப்பது வாக்கியங்களைச் சொல்லச் சொல்லி, அந்த மாதிரிகளை அவருடைய குரலுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார்கள்.

இனித் தேடல். ஒவ்வொரு துண்டிலும் முன்னணியில் இருக்கும் பாதையின் மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும்; அதிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் இருக்கும் பாதைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிவிட வேண்டும். இதுவே கற்றைத் தேடல், ஆங்கிலப் பெயரைத் தழுவி ‘பீம் சர்ச்’ என்றும் சொல்வார்கள். இதன் நுட்பம், எத்தனை பாதைகளை வைத்துக்கொள்வது என்பதை ஒலியே முடிவு செய்கிறது என்பதில் இருக்கிறது. தெளிவான ஒலி வரும்போது ஒரு பாதை மற்றவற்றை வெகுவாக முந்திவிடும். கற்றை தானாகவே மெலியும். ஒலி மங்கும்போது பல பாதைகள் நெருங்கி நிற்கும். கற்றை தடிக்கும், முடிவு தள்ளிப்போகும். ‘பல கை’யா ‘பலகை’யா என்று அந்த இடத்திலேயே தீர்மானிக்க வேண்டியதில்லை, இரண்டும் கற்றைக்குள் உடன்வரும், அடுத்த சொல் வந்து தீர்த்துவைக்கும். வாக்கியம் முடிந்ததும் வென்ற பாதையைப் பின்னோக்கிப் படித்தால் சொற்கள் கிடைத்துவிடும்.

1976இல் ஹார்ப்பி 95 விழுக்காடு பெற்றது, மற்றவை தோற்றன என்பது சரியா?

எண்கள் சரி, ‘தோற்றன’ என்பது முழுச் சரியன்று. இரண்டு பெண்களும் மூன்று ஆண்களும் பேசிய 184 வாக்கியங்களில் ஹார்ப்பி 95 விழுக்காட்டைப் பொருள் பிறழாமல் அறிந்தது. இரண்டாம் ஹியர்சே ஒரே ஒருவர் பேசிய சில வாக்கியங்களில், அதே இறுக்கமான இலக்கணத்தோடு, ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டியது. பாஸ்டன் அருகே உள்ள பிபிஎன் நிறுவனத்தில் வில்லியம் வுட்ஸ் குழு செய்த ‘ஹ்விம்’ 44 விழுக்காடும், எஸ்டிசி நிறுவனத்தின் அமைப்பு 24 விழுக்காடும் பெற்றன.

இப்போது கிளை எண்ணைப் பாருங்கள். ஹார்ப்பிக்கு அது 33. எஸ்டிசி அமைப்புக்கு நூறுக்கு மேல். ஹ்விமுக்கு ஏறத்தாழ 200. ஹ்விம், நிறுவனத்தின் பயணச் செலவுக் கணக்கைப் பற்றி ஒருவர் இயல்பாகக் கேட்கக்கூடிய ஆங்கிலத்துக்கு அருகில் போக முயன்றது. எஸ்டிசி, கப்பல்களைப் பற்றிய தகவல்களைக் கேட்டது. ஐந்து சொல் வாக்கியத்தில் 33க்கும் 200க்கும் உள்ள வேறுபாடு ஆறு மடங்கன்று. ஆறை ஐந்து முறை பெருக்கினால் வரும் ஏழாயிரத்துச் சொச்சம் மடங்கு. மலையில் பாதி ஏறியவரையும் குன்றின் உச்சியை அடைந்தவரையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது. 1977இல் இத்திட்டத்தைப் பற்றி விரிவான மதிப்பீடு எழுதிய டென்னிஸ் கிளாட், கிளை எண்களை மதிப்பெண்களோடு சேர்த்தே பட்டியலிட்டார். அந்தப் பட்டியலை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் கிளை எண்கள் உள்ள அந்த ஒரு நெடுவரிசையை விட்டுவிடுகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

இதனால் ஹார்ப்பியின் பெருமை குறையாது. எவ்வளவு கட்டுப்பாடு வைத்தால் இலக்கை எட்டலாம் என்று கணித்து, அதை ஒழுங்காகச் செய்து முடிப்பதும் பொறியியல்தான்.

எவ்வளவு நேரம் எடுத்தது?

ஒரு நொடிப் பேச்சுக்கு ஹார்ப்பி ஏறத்தாழ 2.8 கோடி கட்டளைகளைச் செய்தது. இலக்குக்குள்தான் இது அடங்கும். ஆனால் கையில் இருந்த பிடிபி-10 கணினி நொடிக்கு ஏறத்தாழ நான்கு லட்சம் கட்டளைகளையே செய்யும். ஆகவே மூன்று நொடியில் சொன்ன கேள்வியை அறிய மூன்றரை நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே காலத்தில் ஐபிஎம் என்ன செய்துகொண்டிருந்தது?

நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸில் இருந்த ஐபிஎம் ஆய்வுக்கூடத்துக்கு 1972இல் ஃபிரெட் ஜெலினெக் வந்தார். அவர் மொழியியல் வழியாக வந்தவர் அல்லர், தகவல் கோட்பாட்டுப் பேராசிரியர். பேசுபவரின் மனத்தில் ஒரு சொல்தொடர் இருக்கிறது. வாயும் காற்றும் மைக்ரோஃபோனும் சேர்ந்து அதைச் சிதைத்து ஒலியாகத் தருகின்றன. இரைச்சல் நிறைந்த கம்பி வழியே வந்த தந்தியைச் சீர்செய்வதுபோல், அனுப்பப்பட்டது எதுவாக இருக்கலாம் என்று நிகழ்தகவால் கண்டுபிடிப்போம் என்பது அவருடைய பார்வை. இதற்கு இரண்டு கணக்குகள் வேண்டும்: இந்தச் சொல்தொடர் இம்மொழியில் வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு, அது சொல்லப்பட்டிருந்தால் இந்த ஒலி வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு.

இரண்டாவது கணக்குக்குப் பயன்பட்டதே மறை மார்க்கோவ் மாதிரி. அதன் கணிதத்தை லெனர்ட் பாமும் அவருடைய தோழர்களும் 1960களில் உருவாக்கியிருந்தார்கள். நாம் காணும் ஒலிகளுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டிருக்கின்றன என்று அது கொள்கிறது. விதிகளைக் கையால் எழுத வேண்டியதில்லை. ஒலிப்பதிவும் அதற்குரிய எழுத்தும் போதிய அளவு கொடுத்தால் எண்கள் தாமே படியும். ஆர்ப்பா திட்டத்துக்குள் இதே வழியில் நடந்தது பேக்கரின் டிராகன் மட்டுமே. அவரும் அவருடைய மனைவி ஜேனட் பேக்கரும் பின்னர் ஐபிஎம்முக்குச் சென்று, 1982இல் டிராகன் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பொதுமக்கள் வாங்கக்கூடிய தொடர் பேச்சு மென்பொருளை அந்நிறுவனம் 1997இல் வெளியிட்டது.

ஜெலினெக் குழு இன்னொன்றும் செய்தது. சராசரி கிளை எண்ணைச் சொல்வரிசையின் நிகழ்தகவோடு சேர்த்துக் கணக்கிட்டு, ‘பெர்ப்ளெக்ஸிட்டி’ என்ற அளவை 1977இல் முன்வைத்தது. அடுத்து என்ன சொல் வரும் என்பதில் கணினிக்கு எவ்வளவு திகைப்பு என்பதன் அளவு அது. இன்றைய மொழி மாதிரிகளை மதிப்பிடுபவர்கள் நாள்தோறும் சொல்லும் இச்சொல், பேச்சறிதலின் தேவையிலிருந்து பிறந்தது.

இலக்கை எட்டியும் ஆர்ப்பா ஏன் நிறுத்தியது?

1976க்குப் பின் தொடர் திட்டத்துக்கு நிதி கொடுக்கப்படவில்லை. எட்டப்பட்ட இலக்கு, களத்தில் பயன்படும் கருவிக்கு வெகு தொலைவில் இருந்தது என்பது ஒரு நியாயமான காரணம். அடுத்த அரசுத் திட்டம் 1980களின் நடுவில்தான் வந்தது.

அதில் விளைந்ததே கார்னகி மெலனின் ஸ்ஃபிங்ஸ். ரெட்டியின் மாணவர் காய்-ஃபூ லீ 1988இல் முடித்த ஆய்வு அது. கடற்படைக் கப்பல்களைப் பற்றிய 997 சொற்கள். ஆனால் இம்முறை முன்பின் கேட்டிராத எவர் பேசினாலும், குரலைப் பழக்காமலே அறிய வேண்டும். ஹார்ப்பியின் கற்றைத் தேடலும் ஐபிஎம்மின் மறை மார்க்கோவ் மாதிரியும் அங்கே ஒன்றுசேர்ந்தன. எந்தச் சொல்லுக்குப் பின் எதுவும் வரலாம் என்று விட்டபோது, அதாவது பெர்ப்ளெக்ஸிட்டி 997 ஆக இருந்தபோது, சொற்களில் 71 விழுக்காடு சரியாக வந்தது. 60 ஆக இறுக்கியபோது 94. 20 ஆக இறுக்கியபோது 96. ஒரே அமைப்பு, அதே சொற்கள். கிளை எண்ணைக் கேளுங்கள் என்று முதலிலிருந்து நான் சொல்லிவருவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த முறையைக் கையால் போட்டுப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியுமா?

நிச்சயமாக முடியும், வகுப்பில் ஒரு தாளும் பென்சிலும் போதும். ‘மணி என்ன’ என்பதற்கு வரும் விடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து, பத்தேகால், பத்தரை, பத்தேமுக்கால் என்று ஒரு மணிக்கு நான்கு வடிவங்கள்; பன்னிரண்டு மணிகளுக்கு 48 விடைகள். இவற்றை 48 தனி வரிகளாக எழுதாதீர்கள். ‘பத்த்’ வரை ஒரே கோடு. அங்கிருந்து ‘உ’ என்று முடிவது ஒரு கிளை, ‘ஏ’ என்று போவது ஒன்று, ‘அரை’ என்று போவது ஒன்று. ‘பத்து அரை’ என்று எவரும் சொல்வதில்லை என்பதால், உகரம் கெட்டுப் புணர்ந்த வடிவத்தைத்தான் வலையில் எழுத வேண்டும். ‘பன்னிரண்டரை’யைப் பலர் ‘பன்னெண்டரை’ என்பார்கள். அதற்கு இணையாக இன்னொரு கோடு. ‘ஒன்பது’, ‘ஒம்போது’ இரண்டுக்கும் அப்படியே.

வரைந்து முடித்ததும் நண்பர் ஒருவரை ‘ஏழேமுக்கால்’ என்று மெதுவாகச் சொல்லச் சொல்லி, ஒவ்வோர் ஒலிக்கும் எந்தெந்தக் கோடுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். ‘ஏழே’ வரை ஏழேகாலும் ஏழேமுக்காலும் ஒன்றாகவே வரும். ‘மு’ கேட்டதும் ஒன்று விழுந்துவிடும். அவரையே வேகமாக, ‘மு’வை விழுங்கிச் சொல்லச் சொன்னால், உங்கள் இரண்டு விரல்களும் கடைசி ‘கால்’ வரை இரண்டு கோடுகளின் மேலும் இருக்கும். ‘க’வுக்கு முன் அமைதி எவ்வளவு நீண்டது என்பதை மட்டும் வைத்து, அது ‘க்க’வா ‘க’வா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.